தென்முனை ஓசோன் மெலிவும் தரையில் விழும் புற ஊதாக் கதிரும்

கேள்வி – கதிரவன்:
அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் மிகக் குறைவது செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும்தான். அப்படியானால் சிலியின் தென்கோடியிலுள்ள புன்டா அரீனாஸ் போன்ற ஊர்களில் புற ஊதாக் கதிர் கடுமையாவதும் அப்போதுதானே? நவம்பரில்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்று சொல்வது ஏன்? செயற்கைக்கோள்கள் ஓசோனை நாள்தோறும் அளக்கும்போது தரையில் கதிரைத் தனியாக அளப்பதன் தேவையும் எனக்குப் புரியவில்லை.

மறுமொழி – அகிலா:
இந்தக் கணக்கில் ஓசோன் பாதிதான்; மீதி சூரியனின் உயரம். புன்டா அரீனாஸில் செப்டம்பர் 23 நண்பகலில் சூரியன் அடிவானிலிருந்து சுமார் 37 பாகை உயரத்தில் நிற்கிறது. நவம்பர் 20 வாக்கில் அது 57 பாகையை நெருங்கிவிடுகிறது. சாய்ந்து வரும் கதிர் எஞ்சியிருக்கும் ஓசோனையே நெடுந்தூரம் கடக்க வேண்டியிருப்பதால், அக்டோபரில் ஓசோன் 200 டாப்சன் அலகு (ஓசோனின் அளவைச் சொல்லும் அலகு) இருப்பதைவிட நவம்பர் இறுதியில் அதே 200 இருப்பது தோலுக்கும் கண்ணுக்கும் பெரிய கேடு. 2020ஆம் ஆண்டின் ஓசோன் துளை, அதாவது ஓசோன் 220 அலகுக்குக் கீழே மெலிந்த பகுதி, டிசம்பர் கடைசி வாரம்வரை மூடாமல் நீடித்ததை ஆய்வாளர்கள் கவலையோடு பார்த்தது இதனால்தான். பரப்பளவை மட்டும் தலைப்பாக்கும் செய்திகள் இதைத் தவறவிடுகின்றன என்பது என் கருத்து.

மறுமொழி – மாறன்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். செயற்கைக்கோள் தருவது தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சிவரையுள்ள காற்றுத்தம்பத்தில் இருக்கும் மொத்த ஓசோன். தரையில் விழும் கதிரையோ மேகமும் பனியும் மாற்றிவிடுகின்றன; புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால், தலைக்கு நிழல் இருந்தும் முகம் கருகும். ஆனால் தரைக் கருவியையும் கண்மூடி நம்ப முடியாது. உணரியின் குவிமாடத்தில் உறைபனி படிந்தால் அளவு பிசகிவிடும் என்பதால், அதைச் சூடேற்றியோ துடைத்தோ வைத்திருப்பார்கள். 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் ஆகியோர் ஓசோன் மெலிவை உலகுக்கு அறிவித்ததும், அண்டார்க்டிகாவிலுள்ள ஹாலி ஆய்வு நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் ஓசோனை அளக்கும் டாப்சன் கருவியால் எடுத்த தரை அளவீடுகளை வைத்துத்தான்.

கதிரவன்:
நன்றி. 220 அலகு என்ற எல்லை எங்கிருந்து வந்தது?

மறுமொழி – அகிலா:
நூறு அலகு என்பது, இயல்பான அழுத்தத்திலும் 0 பாகை செல்சியசிலும் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓசோன். 1979க்கு முந்தைய அண்டார்க்டிக் அளவீடுகளில் 220க்குக் கீழே பதிவானதில்லை. அதனால்தான் அதை எல்லையாகக் கொண்டார்கள். ‘துளை’ என்ற சொல் நம்மைக் குழப்புகிறது: அங்கே ஓசோன் மெலிகிறதேயன்றி முற்றிலும் அற்றுப்போவதில்லை.