டிசம்பர் 3 கடைசி தேதி

குழு: பெரிய வீடு
20 நவம்பர் 2019

அருண் அண்ணா: பெரியப்பா, உங்கள் பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வுக்கு (வி.ஆர்.எஸ்.) 70,000 பேருக்கு மேல் எழுதிக் கொடுத்துவிட்டார்களாமே. நீங்கள் போட்டாச்சா?

பெரியப்பா: இல்லை. ஆன்லைனில் ஃபார்மைத் திறந்தேன், மூடிவிட்டேன். மூன்று தடவை.

சித்தப்பா: பி.எஸ்.என்.எல்.லில் மொத்தமே ஒன்றரை லட்சம் பேர் சொச்சம்தானே அண்ணே? பாதி ஆபீஸ் காலி!

பெரியப்பா: 50 வயது ஆனவர்கள்தான் போடலாம். எங்கள் செக்‌ஷனில் 50-க்குக் கீழே இரண்டே பையன்கள். நீயே பார்த்துக்கொள்.

நான்: சர்வீஸ் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள் சம்பளம், ரிட்டயர் ஆக மிச்சமிருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள். உங்களுக்கு 30 வருடம் ஆச்சு, இன்னும் 6. 1,050 + 150 = 1,200 நாள் சம்பளம் பெரியப்பா!

பெரியப்பா: அப்படியே கைக்கு வராது பாப்பா, உச்சவரம்பு உண்டு. கம்யூடேஷன், அதாவது பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக வாங்குவது, 60 வயதில்தான். சின்னவள் கல்யாணத்துக்கு அதைத்தான் நம்பியிருந்தேன்.

சித்தப்பா: வருமானத்தில் முக்கால்வாசி சம்பளத்துக்கே போனால் கம்பெனி எத்தனை நாள் ஓடும்? கொடுக்கிறபோதே வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பெரியப்பா: சம்பளத்தை மட்டும் எல்லோரும் சொல்கிறீர்கள். ஜியோ வந்து மூன்று வருடம் ஆச்சு. எங்களுக்கு 4ஜி அலைக்கற்றை தருவதென்று அமைச்சரவை முடிவெடுத்ததே போன மாதம்தான். வருமானம் எங்கிருந்து வரும்?

சித்தப்பா: அது சரிதான்.

அருண் அண்ணா: காண்ட்ராக்ட் ஆட்களுக்கு என்ன தருகிறார்கள்?

பெரியப்பா: அவர்கள் இந்தத் திட்டத்திலேயே இல்லை. என்னோடு 11 வருடமாகக் குழிக்குள் இறங்கி கேபிள் ஜாயின்ட் போடுகிறவன் இன்று கேட்கிறான், "எனக்கும் அந்த ஃபார்ம் உண்டா சார்?" என்று.

பெரியம்மா: இவர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பழைய டைரியில் எழுதுகிறார். பணக் கணக்கு என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். தெருவோரம் நிற்கிற கேபிள் பெட்டியில், அந்த பில்லரில், எதிலிருந்து எந்தத் தெருவுக்கு எந்தக் கம்பி ஜோடி போகிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறார்!

பெரியப்பா: அந்த இரண்டு பையன்களுக்கு யாராவது சொல்லிவிட்டுப் போக வேண்டாமா?

சித்தப்பா: அப்படியென்றால் முடிவு பண்ணிவிட்டீர்கள் அண்ணே.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: அழித்தாலும் நான் படித்துவிட்டேன். ஜனவரி 31-தானே வேலையில் கடைசி நாள், அதுவரைக்கும் நேரம் இருக்கிறது, டைரியை மெதுவாக எழுதலாம். இப்போது வந்து படுங்கள்.