நனைத்த தோலில் கருநீலப் புள்ளிகள்: உதவி தேவை

ஊசிமுனை: வணக்கம். தங்கையின் பிறந்தநாளுக்காகத் தோலில் ஒரு கைப்பட்டை செய்துகொண்டிருக்கிறேன். பூ அச்சுப் பதிப்பதற்காக நேற்றிரவு தோலை நனைத்து வைத்தேன். காலையில் பார்த்தால் மிளகைத் தூவியதுபோல எங்கும் கருநீலப் புள்ளிகள். சோப்புப் போட்டுத் துடைத்தும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும்.

மெழுகுநூல்: என்ன தோல், எங்கே வாங்கியது, எந்தத் தண்ணீர், எதன்மேல் வைத்திருந்தீர்கள்? இவற்றில் ஒன்றையும் சொல்லாமல் மருந்து மட்டும் கேட்கிறீர்களே.

கொப்பரை: சந்தேகமே வேண்டாம், இது பூஞ்சணம். வினிகரைத் தடவி வெயிலில் காயவைத்தால் போய்விடும்.

தோல்பை: பூஞ்சணம் ஓர் இரவில் கருநீலமாகப் பூக்காது, வெள்ளையாகவோ பச்சையாகவோ படர்ந்து, துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். போர்வெல் தண்ணீரில் உள்ள இரும்புதான் காரணம் என்பது என் கணிப்பு.

பழையகை: வாரினை வெட்டுவதற்கு முன் தோல் எப்படிப் பதமாகிறது என்று ஒரு மாலைப் பொழுது படித்திருந்தால் இந்த விவாத இழையே தேவைப்பட்டிருக்காது. மரப்பட்டையின் துவர்ப்புச் சத்து இரும்பைச் சந்தித்தால் கறுக்கும். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் வரைந்து கலம்காரிக்காரர்கள் கறுப்பை வரவழைப்பதும் இதே வினையால்தான். ஆகவே உங்கள் தோலில் இருப்பது அழுக்கன்று, நாருக்குள்ளேயே உருவான சாயம். சோப்பின் காரம் அதை இன்னும் கறுக்கச் செய்யும்.

ஊசிமுனை: மன்னிக்கவும். சென்னைப் பெரியமேட்டில் வாங்கிய 2.5 மி.மீ. மாட்டுத்தோல், ஆவாரம்பட்டையில் பதனிட்டது என்று கடைக்காரர் சொன்னார். ஊற்றியது கேன் தண்ணீர். அடியில் வைத்திருந்தது பழைய தண்டவாளத் துண்டு. அதன்மேல்தான் மாலையில் அச்சுக் கம்பியை அரத்தால் ராவினேன்.

மெழுகுநூல்: அரப்பொடி! புள்ளி புள்ளியாக விழுந்ததற்குக் காரணம் அதுதான். தண்ணீரில் இரும்பு இருந்திருந்தால் தோல் முழுவதும் மங்கியிருக்கும். வினிகரைத் தொடாதீர்கள், துருவை வினிகரில் ஊறவைத்துத்தான் பலர் தோலுக்குக் கறுப்பு ஏற்றுகிறார்கள். முதலில் தோலைக் காயவிட்டு, துணி சுற்றிய காந்தத்தால் பொடியை எடுத்துவிடுங்கள். பிறகு எலுமிச்சைச் சாற்றில் சம அளவு நீர் கலந்து, வெட்டி எறிந்த துண்டொன்றில் சோதித்தபின், பஞ்சால் தோல் முழுவதும் ஒரே சீராகத் தடவுங்கள். புள்ளியில் மட்டும் தொட்டால் வளையம் விழும். நிறம் மங்கியதும் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து நிழலில் உலர்த்துங்கள். ஆக்சாலிக் அமிலம் இன்னும் விரைவாக வேலை செய்யும். ஆனால் அது நஞ்சு, அடுக்களைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

கொப்பரை: பட்டைக்குப் பதில் குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோல் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆவாரம்பட்டை என்பதும் இப்போது பெரும்பாலும் பேச்சளவில்தான். உள்ளே இருப்பது வாட்டில் என்ற வேறொரு மரத்தின் பட்டைச் சாறு.

தோல்பை: குரோம் தோலில் அச்சு நிற்காது, விளிம்பைத் தேய்த்தாலும் பளபளப்பு ஏறாது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவுநீரைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பைப் படித்தபின் குரோமுக்குப் பரிந்து பேசுங்கள்.

பழையகை: பட்டைத் தொட்டியின் கழிவுநீரும் இளநீர் அன்று, நண்பரே.

மெழுகுநூல்: அந்த வழக்கை வேறோர் இழையில் நடத்துங்கள். ஊசிமுனை, என்ன ஆயிற்று?

ஊசிமுனை: எலுமிச்சை பலித்தது. மூன்று புள்ளிகள் மட்டும் எஞ்சியுள்ளன, அவற்றைக் கொக்கி மறைத்துவிடும். நன்றி.

தோல்பை: உலர்ந்தபின் தோல் விறைத்ததா? எண்ணெய் ஏதும் தடவினீர்களா?