நாமம் பரிசுத்தப்படுவதாக என்று ஏன் வேண்டுகிறோம்?

மஞ்சக்குப்பத்தான், கடலூர்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் லுத்தரன் சபையின் வீட்டு ஜெபக்கூட்டத்தில் பள்ளி மாணவன் ஒருவன், "தேவன் என்றென்றும் பரிசுத்தர்தானே, பிறகு இயேசு கற்பித்த பரமண்டல ஜெபத்தில் அவருடைய நாமம் பரிசுத்தப்பட வேண்டும் என்று அவரிடமே ஏன் கேட்கிறோம்?" என்றான். வேலை, கல்யாணம், சுகம் என்று விண்ணப்பங்களுக்கே நேரம் போதாத கூட்டம் அது. ஒருவரும் நிறைவாகப் பதில் சொல்லவில்லை. மூத்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

உபதேசியார், நெல்லிக்குப்பம்:
தம்பி, 1529-இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசம் என்னும் கேள்வி-பதில் விசுவாசப் பாட நூலில், நம் சபைப் பிரிவுக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் இதே கேள்வியை எடுத்துக்கொள்கிறார். தேவனுடைய நாமம் தன்னிலே பரிசுத்தமானதுதான். அது நம்மிடத்திலும் பரிசுத்தமாக விளங்க வேண்டும் என்றே ஜெபிக்கிறோம் என்பது அவர் விடை. எசேக்கியேல் 36-ஆம் அதிகாரத்தை அந்தப் பையனுக்கு வாசித்துக் காட்டுங்கள். இஸ்ரவேலர் தங்கள் நடத்தையினால் சிதறடிக்கப்பட்டபோது, புறஜாதிகள் அவர்களைச் சுட்டி, "இவர்கள் கர்த்தருடைய ஜனங்கள்" என்று பேசியதால், பிள்ளையால் தகப்பன் பெயர் கெடுவதுபோல, இழிவு அவருடைய நாமத்தின்மேல் வந்தது. அதை நீக்க அவர்கள் கையில் வழியில்லை. கர்த்தரே தம் நாமத்தைப் பரிசுத்தம்பண்ணுவேன் என்றும், அவர்களுக்குப் புதிய இருதயத்தைத் தருவேன் என்றும் வாக்களிக்கிறார். ஆகவேதான் அதை அவரிடமே கேட்கிறோம்.

முத்தியால்பேட்டை வாசகி, புதுச்சேரி:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கத்தோலிக்கராகிய நாங்கள் திருப்பலிதோறும் "தூயவர்" என்று மும்முறை பாடுகிறோம். எசாயா 6-ஆம் அதிகாரத்தில் செராபீன்கள் என்னும் வானதூதர்கள் இதையே பாடுவதைக் கேட்ட இறைவாக்கினரோ, தம் உதடுகள் தூய்மையற்றவை என்றுதான் முதலில் கதறுகிறார். எண்ணிக்கை நூல் 20-ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது: பாலைநிலத்தில் தண்ணீரின்றித் தவித்த மக்களுக்காகப் பாறையிடம் பேசும்படி ஆண்டவர் சொல்லியிருக்க, மோசே அதை இருமுறை அடித்தார்; தண்ணீர் ஏராளமாக வந்தது, மக்கள் குடித்தார்கள், ஆனாலும் தமது தூய்மையை அவர்கள்முன் நிலைநாட்டவில்லை என்று ஆண்டவர் அவரைக் கண்டித்தார். கேட்டது கிடைத்துவிட்டால் செபம் முடிந்தது என்று எண்ணும் நமக்கு இது உறைக்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர் சகோதரன்:
அதற்காக விண்ணப்பங்களைக் குறைத்துவிட வேண்டாம். அன்றன்றுள்ள அப்பமும் அதே ஜெபத்தில்தான் இருக்கிறது. பிள்ளைக்கு வேலை கேட்கும் தாய், அவன் லஞ்சம் வாங்காமல் உழைத்து, தேவ நாமத்துக்கு இழுக்கு வராமல் நடக்க வேண்டும் என்றும் அதே மூச்சில் கேட்கட்டும்.