மேல்துணி முடிந்துவிட்டது, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் தடுமாறுகிறேன்

கேட்டவர்: கோடுபோட்டசட்டை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், விவரம் சொன்னால்தான் எங்கே தப்பு நடந்தது என்று உங்களுக்குப் பிடிபடும்.

அப்பா போன பிறகு அவருடைய சட்டைகளை யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் அம்மா பெட்டியிலேயே வைத்திருந்தார். அதில் 14 சட்டைகளை எடுத்துச் சதுரம் சதுரமாக வெட்டி ஒரு க்வில்ட், அதாவது துண்டுத்துணிகளை இணைத்து நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை, தைக்கத் தொடங்கினேன். தைத்த பின் ஒவ்வொரு சதுரமும் ஏழரை அங்குலம். குறுக்கே 8, நெடுக்கே 10, மொத்தம் 80 சதுரங்கள். ஒரே ஒரு சதுரத்தில் மட்டும் சட்டைப்பையை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறேன். அதன் அடியில் பேனா மை கசிந்த கறை இருக்கிறது, அவர் எப்போதும் அந்தப் பையில்தான் பேனா வைப்பார்.

மேல்துணி வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் பேட்டிங் என்று விற்கிற பஞ்சு விரிப்பை நடுவில் வைத்து, கீழே புதுப் பருத்தித் துணி போட்டு, நாலைந்து சதுரத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்தினேன். என்னுடையது சாதாரண வீட்டுத் தையல் மெஷின், ஊசிக்கு வலப்பக்கம் ஆறரை அங்குலம்தான் இடம். ஊசிக்கு அடியில் துணியை நகர்த்துகிற பல்லை இறக்கிவிட்டு, துணியைக் கையால் நகர்த்தி, வளைவு வளைவாக இலைகள் போட ஆரம்பித்தேன். நடுவில் ஒன்பது சதுரம் முடிந்ததும் திருப்பிப் பார்த்தேன். அடித்துணியில் மூன்று இடத்தில் மடிப்பு விழுந்து அதன் மேலேயே தையல் ஏறியிருக்கிறது. வளைவுகளில் எல்லாம் அடிப்பக்கம் கண் இமை மாதிரி குட்டிக் குட்டியாக நூல் வளையங்கள். இரண்டு முறை நூல் அறுந்தது, ஒரு முறை ஊசியே முறிந்தது. போர்வை முழுக்க மெஷினுக்குள் சுருட்டிக் கிடக்கும்போது தோள் இரண்டும் கழன்றுவிடும்போல இருக்கிறது.

இந்தத் துணி போனால் வேறு துணி கிடையாது. இதைக் காப்பாற்ற முடியுமா? வெளியே கொடுத்துத் தைத்து வாங்குவதுதான் நல்லதா?


பதில்: மூன்றடுக்கு

காப்பாற்றலாம். துணி எங்கேயும் போய்விடவில்லை. ஒன்பது சதுரத்தோடு நிறுத்தித் திருப்பிப் பார்த்தீர்களே, அது பெரிய விஷயம். நான் என் முதல் க்வில்ட்டை முழுதாகத் தைத்து முடித்த பிறகுதான் திருப்பினேன்.

நீங்கள் சொன்ன தொல்லைகளுக்கெல்லாம் காரணம் ஒன்றே இல்லை. மடிப்பு விழுந்ததற்கும் மெஷினுக்கும் சம்பந்தமே இல்லை, அது தரையிலேயே நடந்துவிட்டது. நாலைந்து சதுரத்துக்கு ஒரு ஊக்கு என்றால் இரண்டு ஊக்குக்கு நடுவே முப்பது அங்குலத்துக்கு மேல் துணி அலைகிறது. உள்ளங்கையை விரித்து வைத்தால் அதன் அடியில் ஒரு ஊக்காவது தட்டுப்பட வேண்டும், அதாவது நாலு அங்குலத்துக்கு ஒன்று. உங்கள் அளவுக்கு முந்நூறு ஊக்காவது பிடிக்கும். அடித்துணியை நன்றாக இஸ்திரி போட்டு, நல்ல பக்கம் கீழே இருக்கிற மாதிரி தரையில் விரித்து, ஓரங்களைக் காகித டேப்பால் ஒட்டுங்கள். விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் இழுத்து ஒட்டக்கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி பழையபடி சுருங்கி மறுபடியும் மடிப்புத்தான். அதன் மேல் பஞ்சு, அதன் மேல் மேல்துணி. ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து வெளியே தடவித் தடவி விடுங்கள், ஊக்கையும் நடுவிலிருந்தே குத்திக்கொண்டு வாருங்கள். அடித்துணியும் பஞ்சும் நாலு பக்கமும் மேல்துணியைவிட நாலு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும்.

இன்னொன்று. சட்டைகள் பல வருஷம் துவைத்துச் சுருங்கி முடித்தவை. அடித்துணி புதுசு என்கிறீர்கள். அதைத் துவைத்துக் காய வைத்துவிட்டுச் சேர்த்தீர்களா? இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே அது மட்டும் சுருங்கி மேல்துணியை இழுக்கும்.

வளையங்களுக்கு வருகிறேன். அடியில் வளையம் தெரிந்தால் மேல் நூலுக்குப் பிடிமானம் போதவில்லை என்று அர்த்தம். கையால் நகர்த்தித் தைக்கும்போது தையலின் நீளத்தை மெஷின் முடிவு செய்வதில்லை, உங்கள் கையின் வேகமும் காலின் வேகமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. வளைவில் திரும்பும்போது எல்லோருக்கும் கை தன்னையறியாமல் ஓடும், கால் அதே வேகத்தில் இருக்கும். ஊசி ஒரு பக்கம் வளைந்து நூல் அடியில் இழுபடும். மேல் நூலை ஒரு தடவை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி கோத்துவிடுங்கள். கோக்கும்போது ஊசிக்குப் பக்கத்திலுள்ள பாதம் தூக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் போய் உட்காரும். தைக்கும்போது பாதத்தை இறக்கியிருக்க வேண்டும். கையால் நகர்த்தித் தைக்க மாட்டுகிற பாதம் இறக்கினாலும் துணியைத் தொடாமல் மிதக்கிற மாதிரியே நிற்பதால், இறக்க மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

ஊசி முறிந்ததும் தோள் வலியும் ஒரே காரணம்: எடை. போர்வையின் மிச்சம் மேசை விளிம்பில் தொங்கினால் அது துணியைக் கீழே இழுக்கும், ஊசி வளைந்து தகட்டில் இடிக்கும். மெஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் அதே உயரத்துக்கு மேசையோ பலகையோ போடுங்கள், தொங்குகிற முனையை மடியில் தூக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். இறுக்கமாகச் சுருட்டவும் வேண்டாம். கையைச் சுற்றி ஒரு குழி மாதிரி விட்டு மற்றதைத் தளர்வாகக் குவித்தால் போதும். ஊசிக்கு அடியில் ஒரு சாண் இடம் அசைந்து கொடுத்தால் வேலை நடக்கும்.

என் கருத்தைக் கேட்டால், இந்த க்வில்ட்டுக்கு இலையும் கொடியும் வேண்டாம். சட்டைத்துணியில் ஏற்கெனவே கோடும் கட்டமும் இருக்கிறது, அதன் மேல் இலை போட்டால் கண்ணுக்கு எட்டாது. பல்லை ஏற்றிவிட்டு வாக்கிங் ஃபுட் என்கிற தனிப் பாதத்தை மாட்டுங்கள். அது மேல்துணியையும் அடித்துணியையும் ஒரே வேகத்தில் நகர்த்தும். தையல் நீளம் 3 மில்லிமீட்டர், 90/14 ஊசி, மேலும் கீழும் ஒரே கனத்தில், ஒரே நிறத்தில் பருத்தி நூல். ஒவ்வொரு இணைப்புத் தையலுக்கும் இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளி நேர்க்கோடு. இணைப்பின் பள்ளத்துக்குள்ளேயே ஓட்டினால் கொஞ்சம் விலகினாலும் உறுத்தும், கால் அங்குலம் தள்ளினால் விலகல் தெரியாது. நெடுக்கே 14 கோடு, குறுக்கே 18, மொத்தம் 32.


பதில்: மாடிப்படி

மேலே சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான், ஊக்கு விஷயத்தைத் தவிர. எனக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்து முந்நூறு ஊக்கு குத்துவது ஆகாது. க்வில்ட்டுக்கென்றே விற்கிற, துவைத்தால் போய்விடுகிற தெளிப்புப் பசையைத்தான் வருஷக்கணக்காகப் பயன்படுத்துகிறேன். மேசையில் பாதி பாதியாக ஒட்டலாம், சரியாக ஒட்டவில்லை என்றால் பிரித்து மறுபடி ஒட்டலாம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், பஞ்சின் மேல் தெளியுங்கள், துணியின் மேல் வேண்டாம்.

வெளியே கொடுப்பது பற்றிக் கேட்டீர்கள். இரண்டு க்வில்ட் கொடுத்திருக்கிறேன். சட்டகத்தில் போர்வை அசையாமல் நிற்க, அங்கே மெஷின்தான் நகரும். அதனால் மடிப்பு விழுவது அபூர்வம். வேலை அருமையாக இருந்தது. ஆனால் நீங்கள் அப்பாவின் சட்டை என்று எழுதியதைப் படித்த பிறகு, கோணலாக வந்தாலும் உங்கள் கையாலேயே முடியட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.


கேட்டவர்: கோடுபோட்டசட்டை

படித்ததும் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேருக்கும் நன்றி.

மூன்றடுக்கு அக்கா, அடித்துணியைத் துவைக்கவில்லை. பாதத்தை இறக்கினேனா என்றும் நினைவில்லை. இன்று ஒரு பழைய துணியில் பஞ்சுத் துண்டு வைத்துச் சோதித்தேன். பாதத்தைத் தூக்கி வைத்தே தைத்தபோது அடியில் பெரிய சிக்கல், இறக்கித் தைத்தபோது சுத்தமாக வந்தது. ஆனால் வளைவில் கொஞ்சம் வேகமானால் வளையம் வரத்தான் செய்கிறது. ஆகவே நேர்க்கோடு என்றே முடிவு செய்துவிட்டேன்.

மூன்று கேள்வி மிச்சம். தைத்த ஒன்பது சதுரத்தைத் துணி கிழியாமல் எப்படிப் பிரிப்பது? 32 கோட்டில் எதை முதலில் போடுவது? சட்டைப்பையை என்ன செய்வது? அதில் பட்டன் வேறு இருக்கிறது.


பதில்: மூன்றடுக்கு

பிரிப்பதற்கு மேல்பக்கம் கை வைக்காதீர்கள். க்வில்ட்டைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்தில் மூன்று நாலு தையலுக்கு ஒன்றாகத் தையல் பிரிக்கிற கருவியால் நூலை அறுத்துக்கொண்டே போங்கள். ஒரு சாண் நீளம் ஆனதும் மறுபக்கம் திருப்பி மேல் நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தால் முழு நீளமாகக் கையோடு வந்துவிடும். அடியில் இருப்பது துண்டு துண்டாக உதிரும். பழைய பருத்தியில் ஊசித்துளை தெரியும், பயப்பட வேண்டாம். தண்ணீர் தெளித்து நகத்தால் குறுக்கும் நெடுக்கும் லேசாகத் தேய்த்தால் இழை நகர்ந்து மூடிக்கொள்ளும். அவசரப்படாமல் நாளுக்கு இரண்டு சதுரம் பிரியுங்கள்.

வரிசைதான் முக்கியம். குறுக்கே 8 சதுரம் என்பதால் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவிலுள்ள இணைப்பு உங்களுக்கு நட்ட நடு. முதல் கோடு அதன் பக்கத்தில், மேலிருந்து கீழே. அப்போது மெஷினுக்கு உள்ளே மாட்டுகிற பாதி 30 அங்குலம் இருக்கும். அதுதான் மிகக் கஷ்டமான கோடு, அதைத் தாண்டினால் வலப்பக்கம் போகப் போக உள்ளே அடைக்க வேண்டியது குறைந்துகொண்டே வரும். வலது பாதியை முழுதும் மேலிருந்து கீழாகவே தையுங்கள். ஒரு கோடு கீழே, அடுத்தது மேலே என்று மாற்றி மாற்றிப் போனால் இரண்டு கோட்டுக்கும் நடுவே துணி சாய்வாக முறுக்கிக்கொள்ளும். வலது பாதி முடிந்ததும் போர்வையை முழுதாகத் திருப்பி வைத்து இடது பாதி. பிறகு குறுக்குக் கோடுகள், அதுவும் நடுவிலிருந்துதான். ஊக்கு பக்கத்தில் வந்தால் நிறுத்திக் கழற்றுங்கள், மேலே ஏற்றாதீர்கள். அடி நூல் சுற்றிய ஒவ்வொரு பாபின் தீரும்போதும் பாபின் கூட்டைத் திறந்து பஞ்சுத் தூசியைத் துடையுங்கள், பருத்தி பேட்டிங் நிறையத் தூசி விடும்.

கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே சதுரத்துக்குள் ஏழு அங்குலம் வெறுமையாக இருக்கும். பேட்டிங் உறையில் எத்தனை அங்குலத்துக்குள் தைக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள், பாருங்கள். எட்டோ பத்தோ என்றால் கவலையில்லை. நாலு என்றிருந்தால் சதுரத்தின் நடுவிலும் ஒரு கோடு போட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு உள்ளே கட்டி கட்டியாகச் சேரும்.

சட்டைப்பை. பட்டனை எடுத்துப் பத்திரமாக வையுங்கள், கடைசியில் மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் தைத்துக்கொள்ளலாம். பையின் வாயைப் பெரிய பெரிய ஓட்டுத்தையலால் தற்காலிகமாக மூடிவிடுங்கள், திறந்திருந்தால் வாக்கிங் ஃபுட்டின் முனை அதற்குள் போய் மாட்டி இழுத்துவிடும். கோடு ஏதாவது பையின் மேல் ஏறுகிற மாதிரி வந்தால் பையின் ஓரத்தில் நிறுத்தி, நூலை நீளமாக விட்டு, ஊசியில் கோத்துப் பஞ்சுக்குள் இழுத்து மறையுங்கள். பையின் மேல் தையல் ஏறக்கூடாது. அது பையாகவே இருக்கட்டும்.


கேட்டவர்: கோடுபோட்டசட்டை

ஒன்பது சதுரத்தையும் பிரிக்க ஐந்து நாள் ஆனது. அடித்துணியைத் துவைத்து அளந்து பார்த்தேன், நீளத்தில் மூன்று அங்குலம் குறைந்திருந்தது. நல்ல வேளை, பெரிதாகத்தான் வாங்கியிருந்தேன், ஓரத்துக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. ஊக்கு 340. அம்மாவும் கூட உட்கார்ந்து குத்தினார். ஒவ்வொரு சட்டையாகத் தடவிப் பார்த்து, இது எப்போது வாங்கியது என்று சொல்லிக்கொண்டே குத்தினார்.

துணி காய்கிற மேசையை மெஷினுக்கு இடப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நடுக்கோடு போடும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. திருப்பிப் பார்த்தேன், ஒரு மடிப்புகூட இல்லை. வலது பாதி இன்று முடிந்தது. பேட்டிங் உறையில் எட்டு அங்குலம் என்றுதான் போட்டிருக்கிறது.

சட்டைப்பை இருக்கிற சதுரம் இடது பாதியில், கீழிருந்து மூன்றாவது வரிசையில் வருகிறது. பட்டனை எடுத்துவிட்டேன். பையின் வாயை மூடும் தையலை அம்மா போடுகிறேன் என்றிருக்கிறார். நாளைக் காலை வெளிச்சம் வந்ததும் உட்காருகிறோம்.