பழைய வீட்டுச் சுவரில் ஓதம், பெயிண்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு 1958-ல் தாத்தா கட்டியது. செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, மேலே தேக்குக் கட்டை போட்டு, அதன்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. கீழே இருக்கும் 10-க்கு 12 அடி படுக்கையறையை அம்மாவுக்காகச் சரிசெய்கிறோம். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு, அதனால்தான் அவசரம்.

பிரச்சினை மேற்குச் சுவர். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஓதம் ஏறுகிறது. பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வருகிறது. விரலால் தட்டினால் அடியில் பூசிய பட்டியோடு (putty) சேர்ந்து உதிர்கிறது, பின்னால் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு மோசம். சித்திரை வெயிலிலும் முழுசாகக் காய்வதில்லை. அதற்கு மேலே சுவர் நன்றாக இருக்கிறது, கூரையிலும் ஒழுகல் இல்லை.

போன வருடம் சுரண்டிவிட்டு வாட்டர்ப்ரூஃப் பட்டி, ப்ரைமர், எமல்ஷன் எல்லாம் அடித்தோம். அடுத்த மழைக்கே பழைய கதை. அந்தச் சுவரில் குழாய் எதுவும் போகவில்லை என்று பிளம்பர் பார்த்துச் சொல்லிவிட்டார். வெளிப்பக்கம் தரைமட்டத்தைவிட உயர்ந்திருந்த மண்ணை வெட்டி எடுத்தோம். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

இப்போது கொத்தனார் பூச்சைக் கொத்தியெடுத்து சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் வைத்து அடைத்தால் ஓதம் இன்னும் மேலே ஏறும். பட்ஜெட் 45,000 ரூபாய், வயரிங்கும் ஒரு அலமாரியும் அதற்குள் அடங்க வேண்டும்.

இந்த மாதிரிச் சுவரில் இடுப்பு உயரம் வரை மட்டும் திரும்பவும் சுண்ணாம்பு பூசி, அப்புறம் வெள்ளையடித்தவர்கள் யாருக்காவது ஓதம் அடங்கியிருக்கிறதா?