பூட்ஸ்ட்ராப்பிங்: ‘இரைச்சல் நீக்கம்’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

மறையாக்கிய தரவை அவிழ்க்காமலே மேகக் கணினியில் கணக்கிடும் ஹோமோமார்ஃபிக் முறையையும், அதை வேகப்படுத்தும் சில்லுகளையும் பற்றிய கட்டுரைக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. மறையுரை (மறையாக்கிய தரவு), முடுக்கி (வேகப்படுத்தும் சில்லு), சாவி, பல்லுறுப்புக்கோவை எல்லாம் முடிவாகிவிட்டன. கணக்கிடக் கணக்கிடத் தளர்ந்துபோகும் மறையுரையை மேலும் கணக்கிடத் தக்கதாக்கும் பூட்ஸ்ட்ராப்பிங் ஒன்றுதான் பாக்கி. நேர்ப்பெயர்ப்பாக ‘தொடக்கேற்றம்’ என்று வைத்தால், கணினி இயங்கத் தொடங்குவதோடு குழம்பும். ‘இரைச்சல் நீக்கம்’ என்று வைக்கலாமா?

* * *

> ‘இரைச்சல் நீக்கம்’ என்று வைக்கலாமா?

வணக்கம். வேண்டாம் என்பேன். இரைச்சல் என்பது மறையாக்கும்போது வேண்டுமென்றே கலக்கும் சிறு பிழை; கணக்கிடக் கணக்கிட வளரும், அளவு மீறினால் சரியாக அவிழ்க்க முடியாது. ஆனால் மறையுரைக்குப் பாதுகாப்பே அதுதான். அதை அடியோடு நீக்கினால் சாவி இல்லாதவரும் அவிழ்த்துவிடலாம். கணினியியலாளர் கிரெய்க் ஜென்ட்ரி 2009-இல் காட்டிய வழி வேறு: அவிழ்க்கும் கணக்கையே, மறையாக்கிய சாவியைக் கொண்டு, மறைவுக்குள்ளேயே செய்து முடிப்பது. வெளிவரும் புது மறையுரையிலும் இரைச்சல் உண்டு. பழைய குவியல் போய், இந்தக் கணக்கு சேர்த்த அளவு மட்டும் நிற்கும்.

2017-இல் வந்த, தோராய எண்களில் கணக்கிடும் சி.கே.கே.எஸ். என்னும் ஹோமோமார்ஃபிக் முறையில் இரைச்சல் குறைவதுகூட இல்லை. அங்கே பெருக்கலுக்குப் பெருக்கல் மாடுலஸ் (எந்த எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்கிறோமோ அந்த எண்) சுருங்குகிறது. 1,500 பிட் மாடுலஸை 60 பிட் பகா எண்கள் 25 ஆகப் பிரித்து வைத்தால், ஒரு பெருக்கலுக்கு ஒன்று என்று கழிந்துகொண்டே வரும். கடைசிக்கு வந்ததும் மாடுலஸை மறுபடி உயர்த்துவார்கள். அப்படி உயர்த்தும்போது செய்தியோடு பழைய மாடுலஸின் மடங்குகள் ஒட்டிக்கொள்ளும். சைன் சார்பைத் தோராயமாகத் தரும் பல்லுறுப்புக்கோவையால் அவற்றைக் கழிக்க வேண்டும். புதிதாகக் கிடைத்த 25-இல் பாதிக்கு மேல் அந்த வேலைக்கே செலவாவது வழக்கம். இதை ‘நீக்கம்’ என்றால் படிப்பவர் தவறாகவே புரிந்துகொள்வார்.

சில்லு வடிவமைப்பே இந்தப் பூட்ஸ்ட்ராப்பிங்கைச் சுற்றித்தான் நடக்கிறது. பல்லுறுப்புக்கோவையின் படி 65,536 என்றால் ஒரு மறையுரை சுமார் 24 மெகாபைட். பெருக்கலை எளிதாக்கும் எண்கோட்பாட்டு உருமாற்றத்துக்கு, ஒரு பகா எண்ணுக்கு 16 கட்டம், கட்டத்துக்கு 32,768 பட்டர்ஃப்ளை (இரண்டிரண்டு எண்களாகச் செய்யும் சிறு கணக்கு), ஆக 5,24,288. இருபத்தைந்துக்கும் சேர்த்தால் 1 கோடியே 31 லட்சம். இதைப் பெருக்கல் அலகுகளை அடுக்கிச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது நினைவகம். சாவிமாற்றத்துக்கு, அதாவது கணக்கில் சாவி மாறிப்போன மறையுரையைப் பழைய சாவிக்கே திருப்புவதற்கு, மாடுலஸை 2,000 பிட்டாக நீட்டி மூன்று துண்டாகச் செய்தால் ஒரு சாவி மட்டும் 98 மெகாபைட். பூட்ஸ்ட்ராப்பிங்கில் மறையுரைக்குள் எண்களை இடம் நகர்த்தும் சுழற்சிகள் பல; சுழற்சிக்குச் சுழற்சி வேறு சாவி வேண்டும். சாவி வெளி நினைவகத்திலிருந்து வந்து சேரும்வரை பெருக்கல் அலகுகள் சும்மா நிற்கும். 2021-இல் வந்த எஃப்1 என்னும் முடுக்கி வடிவமைப்பு ஆழம் குறைந்த, அதாவது அடுத்தடுத்த பெருக்கல் குறைந்த, கணக்குகளுக்கு ஏற்றது. ஆழத்துக்கு வரம்பில்லாத கணக்குகளைக் குறிவைத்த கிரேட்டர்லேக் முடுக்கி 2022-இல் சில்லுக்குள்ளேயே 256 மெகாபைட் வைத்தது இதற்காகத்தான்.

* * *

அப்படியானால் ‘தூர்வாரல்’ எப்படி? ஏரியில் வண்டல் சேரச்சேரக் கொள்ளளவு குறைகிறது, வாரினால் திரும்புகிறது. எவ்வளவு வாரினாலும் கொஞ்சம் வண்டல் தங்கும். தாங்கள் சொன்ன மிச்ச இரைச்சலுக்கு அதுவும் பொருந்துகிறது. வினையாகவும் நன்றாக வரும்: “இந்த மறையுரையைத் தூர்வாரு.” ‘கொள்ளளவு மீட்பு’ என்றும் யோசித்தேன், நீளமாக இருக்கிறது. வெறும் ‘மீட்பு’ என்று சுருக்கினாலோ ‘மீட்புச் சாவி’ என்பது கடவுச்சொல் மறந்தவர் தேடும் சாவியாகிவிடும்.

* * *

தூர்வாரல் அழகான சொல். முழு எண்களில் கணக்கிடும் பி.ஜி.வி., பி.எஃப்.வி. முறைகளுக்கு அச்சாகப் பொருந்தும். சி.கே.கே.எஸ்.-இல்தான் இடிக்கிறது. அங்கே வண்டலை யாரும் வாருவதில்லை, கரையை உயர்த்துகிறார்கள்.

ஆனால் இரண்டிலும் திரும்பக் கிடைப்பது ஒன்றே: ஆழம். எத்தனை பெருக்கல் அடுத்தடுத்துச் செய்யலாம் என்பதை நம் பட்டியலில் ஏற்கெனவே ‘பெருக்கல் ஆழம்’ என்றுதான் எழுதியிருக்கிறோம். அதனால் ஆழமீட்பு என்கிறேன். நிலமீட்பு போன்ற அமைப்புதான், புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை. ‘ஆழமீட்புச் சாவி’ கடவுச்சொல்லோடு குழம்பாது. டி.எஃப்.எச்.இ. என்னும் இன்னொரு ஹோமோமார்ஃபிக் முறையில் இதே கட்டத்திலேயே ஓர் அட்டவணையையும் பார்த்துச் சார்பைக் கணக்கிட்டுவிடுவார்கள். அதற்கு ‘அட்டவணை ஆழமீட்பு’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “முடுக்கியின் நேரத்தில் பெரும்பகுதி ஆழமீட்பில் போகிறது.” “பெருக்கல் ஆழம் தீருமுன் மறையுரையை ஆழமீட்க வேண்டும். தீர்ந்தபின் பெருக்கினால் அவிழ்க்கும்போது குப்பைதான் வரும்.” ‘ஆழமீட்க’ மட்டும் கொஞ்சம் முரடு. வினை வரும் இடத்தில் ‘ஆழம் மீட்க’ என்று பிரித்தே எழுதலாம்.

* * *

ஏற்கிறேன். பட்டியலில் ‘ஆழமீட்பு’ என்று பதிந்து, விளக்கக் குறிப்பில் தூர்வாரும் உவமையையும் கரை உயர்த்தும் உவமையையும் முறைவாரியாகத் தனித்தனியே கொடுக்கிறேன். மாடுலஸுக்குத் தனி மடல் இடுகிறேன். ‘மட்டு’ என்று வைத்தால் ‘மட்டும்’ என்ற சொல்லோடு மோதுகிறது.