முன்கொட்டிலா, முந்துகொட்டிலா?

அன்புடையீர், வணக்கம்.

வீட்டோடு சேர்ந்த கார் அறைக்குத் தமிழில் ‘ஊர்திக் கொட்டில்’ என்றும், அதன் ஒரு வகைக்கு ‘முன்கொட்டில்’ என்றும் சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. முதற்சொல்லில் எனக்கு உடன்பாடே. ‘காரேஜ்’ என்று எழுதினால் பலருக்கும் பழுதுபார்க்கும் பட்டறைதான் நினைவுக்கு வரும். என் தயக்கம், தெருவை நோக்கித் துருத்தி நிற்கும் வகைக்கு முன்மொழியப்பட்ட ‘முன்கொட்டில்’ பற்றியது.

தெருப்பக்கம் கதவு வைத்த கொட்டில்கள் எல்லாமே முன்பக்கத்தவைதாம். ஆனால் நடந்து போகிறவருக்கு அவை ஒன்றல்ல. 30 அடி அகல வீட்டில், இரண்டு கார்களுக்கான 16 அடிக் கதவு முகப்பில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. அந்தக் கொட்டில் வீட்டின் முன்சுவரைத் தாண்டி முன்னே நீண்டால், வாசலும் சன்னலும் அதன் பக்கவாட்டில் பதுங்கிக்கொள்ள, நடைபாதையில் வருபவர் வீட்டைக் காணாமல் கதவுத் தகட்டை மட்டுமே கண்டு கடக்கிறார். அதே கொட்டில் அம்முன்சுவருக்குச் சில அடி பின்னே ஒதுங்கினால் வாசல்தான் முதலில் கண்ணில் படுகிறது.

ஆகவே, சொல் குறிக்க வேண்டியது திசையை அன்று, வீட்டுச் சுவரோடு கொட்டிலுக்குள்ள உறவை. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் 1999இல் கொணர்ந்த விதிகளும் இப்படித்தான் அளக்கின்றன: தெருமுகப்பில் கொட்டிலின் பங்கு பொதுவாகப் பாதியைத் தாண்டலாகாது, தலைவாசல், வீட்டின் தெருவை நோக்கிய சுவர்களுள் மிக நீளமானதிலிருந்து 8 அடிக்குள் இருக்க வேண்டும். அமெரிக்கர் கொட்டில் துருத்தி நிற்கும் வீட்டை விலங்கின் நீண்ட மூஞ்சிக்கு ஒப்பிட்டுக் கேலி செய்கின்றனர். ‘மூஞ்சூற்று வீடு’ என்றெழுத எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் கட்டட விதிநூலில் அது ஏறாது.

எனவே, சுவரை முந்துவதை ‘முந்துகொட்டில்’ என்றும், பின்தங்குவதை ‘பிந்துகொட்டில்’ என்றும் வினைத்தொகையாக வழங்கலாம், வல்லினம் மிகாது. பின்சந்தின் வழியே கார் நுழைவதற்குச் ‘சந்துக்கொட்டில்’ போதும். இவ்வகையில் முன்தெரு நடைபாதை கார் ஏறுவதற்காக வீட்டுக்கு வீடு சரிந்தெழ வேண்டியதில்லை என்பதால், நடப்பவருக்கு இதுவே மிக உகந்தது.

கொட்டில் என்றால் சுவரில்லாத கொட்டகை என்று பொருள்படாதா என ஒருவர் கேட்டிருந்தார். கூரை மட்டும் உள்ளதற்கு ‘ஊர்திப் பந்தல்’ என்று தனியே ஒதுக்கிவிட்டால் அந்தக் குழப்பம் நேராது.